பெயருக்கு மதிப்பு கொடுப்பது எப்படி? – லிங்கர் ஸ்கிரிப்டில் நாங்கள் பட்ட பாடம்

(மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



மலர் என்றதும் கவிதை, துணுக்கு, ஜோக்கு என்று எதிர்பார்த்துப் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். மன்னிக்கவும். இது பாடக் கட்டுரைதான். ஆனால் எங்கள் சிலபஸில் வராத பாடம். இதைக் கற்றுக்கொள்ள எங்கள் ப்ராஜெக்ட் டீம் மூன்று வாரம், ஒரு போர்டு, கிட்டத்தட்ட ஒரு நட்பு, இத்தனையும் செலவழித்தது. அடுத்த வருஷம் ப்ராஜெக்ட் செய்யப்போகும் தம்பி தங்கைகளுக்கு அந்தச் செலவு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டுரை முழுவதும் தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதால் ப்ரோகிராம் வரிகளையும் உச்சரிப்பு மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். அப்படியே தமிழில் அடித்துவிட்டு "வரலையே" என்று என்னைத் தேடி வராதீர்கள்!

என்ன நடந்தது?

எங்கள் ப்ராஜெக்ட், தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைப் பார்த்து மோட்டாரைத் தானே போட்டு, தானே நிறுத்தும் கருவி. எஸ்டிஎம்32 எஃப்103 சி8 என்ற மைக்ரோகன்ட்ரோலர். அதில் ஃப்ளாஷ் மெமரி 64 கேபி, ரேம் 20 கேபி. ஒவ்வொரு விநாடியும் ஒரு ரீடிங் எடுத்து, 4 பைட்டாக ரேமில் எழுதி வைப்போம். அதற்கு 1024 பைட் இடம். நிறைந்ததும் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். அவ்வளவுதான்.

லேப் மேஜையில் இரண்டு பக்கெட், ஒரு குட்டி மோட்டார் வைத்து ஓட்டினோம். ஜோராக ஓடியது. டீ குடித்துவிட்டு வந்தோம், அப்போதும் ஓடியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபின் டிஸ்ப்ளே அப்படியே நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் நிற்கவில்லை. மேல் பக்கெட் வழிந்து, மேஜை நனைந்து, பக்கத்து டீமின் ரெக்கார்ட் நோட்டும் நனைந்தது. அன்றைக்கு வாங்கிய திட்டை இங்கே அச்சில் போட முடியாது.

ரீசெட் செய்தால் மறுபடி நன்றாக ஓடும். மறுபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் நிற்கும். இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதேதான் தோன்றியது. சூடு! சூடானதும் எங்கோ ட்ரை சால்டர் விட்டுப்போகிறது. சால்டரிங் செய்தவன் என் ரூம்மேட். ப்ரோகிராம் எழுதியவன் நான்.

"மச்சான், உன் சால்டரிங்தான்டா தப்பு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மூன்று முறை எல்லாப் பின்னையும் எடுத்து எடுத்து மறுபடி பற்ற வைத்தான். மூன்றாவது முறை போர்டில் ஒரு பேட் பெயர்ந்தே வந்துவிட்டது. புது போர்டு அவன் காசில் வாங்கினான். புது போர்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதும் நின்றது. "இப்பவும் உன் சால்டரிங்தான்" என்றேன். அதோடு அவன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

லிங்கர் என்ன செய்கிறது?

இனி பாடத்துக்கு வருவோம். நாம் சி-யில் எழுதும் ஒவ்வொரு ஃபைலையும் கம்பைலர் தனித்தனி ஆப்ஜெக்ட் ஃபைலாக மாற்றும். அந்தத் துண்டுகளில் ப்ரோகிராமும் இருக்கும், டேட்டாவும் இருக்கும். ஆனால் மெமரியில் எந்த முகவரியில் உட்கார வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியாது. எல்லாத் துண்டையும் சேர்த்து, யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்வது லிங்கர். கம்ப்யூட்டரில் ஓடும் சாதாரண ப்ரோகிராமுக்கு லிங்கரே உள்ளுக்குள் ஒரு திட்டம் வைத்திருக்கும், நாம் கவலைப்பட வேண்டாம். மைக்ரோகன்ட்ரோலருக்கு அப்படி இல்லை. எங்கள் சிப்பில் ஃப்ளாஷ் மெமரி ஹெக்ஸ் 08000000-இல் ஆரம்பம், ரேம் ஹெக்ஸ் 20000000-இல் ஆரம்பம். இதை லிங்கருக்கு நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுக்கும் ஃபைல்தான் லிங்கர் ஸ்கிரிப்ட்.

சிவில் நண்பர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். மெமரி என்பது நீளமான ஒரு மனை. லிங்கர் ஸ்கிரிப்ட் அதன் லே-அவுட் ப்ளான். இதுவரை ப்ரோகிராம், இதுவரை டேட்டா, இது காலியிடம் என்று பிரித்து, எல்லையில் கல் நட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பெயர் வைக்கிறோம். அந்தப் பெயர்தான் சிம்பல். பெயருக்கு மதிப்பு கொடுப்பது என்பது அந்தக் கல்லை எந்த இடத்தில் நடுவது என்று சொல்வது.

எழுதும் முறை

சி மாதிரியேதான் இருக்கும். இடது பக்கம் பெயர், நடுவில் சமக்குறி, வலது பக்கம் மதிப்பு, கடைசியில் அரைப்புள்ளி.

லாக்_சைஸ் = 1024;
_எஸ்டாக் = ஆரிஜின்(ரேம்) + லெங்த்(ரேம்);

இரண்டாவது வரி ரேம் முடியும் எல்லைக்குப் பெயர் வைக்கிறது. ஆரம்பம் ஹெக்ஸ் 20000000. நீளம் 20 கேபி, அதாவது 20480 பைட், ஹெக்ஸில் 5000. கூட்டினால் ஹெக்ஸ் 20005000. ஸ்டேக் அங்கிருந்து கீழ்நோக்கி வளரும்.

அடுத்து, புள்ளி. லிங்கர் ஸ்கிரிப்டில் தனியாக ஒரு புள்ளி வந்தால் "இப்போது நான் நிற்கும் முகவரி" என்று அர்த்தம். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடந்துபோகும் ஆள் மாதிரி. அவர் நிற்கும் இடத்தில் பெயர் வைக்கலாம். அவரைக் கொஞ்சம் முன்னால் தள்ளியும் நிறுத்தலாம். எங்கள் ஸ்கிரிப்டில் ரீடிங் எழுதும் இடத்தை இப்படித்தான் ஒதுக்கினோம்.

.லாக் (நோலோட்) :
{
லாக்_ஸ்டார்ட் = .;
. = . + லாக்_சைஸ்;
லாக்_எண்ட் = .;
} > ரேம்

முதல் வரி ஆரம்பக் கல். இரண்டாவது வரி 1024 பைட் முன்னால் நகர்கிறது. மூன்றாவது வரி முடிவுக் கல். இதில் ஒரு பிழையும் இல்லை. 1024 பைட் சரியாக ஒதுங்கியது. ஆகவே ஸ்கிரிப்டை நான் சந்தேகப்படவே இல்லை.

சார் கேட்ட ஒரு கேள்வி

ஒருநாள் லேப் சார் எங்கள் மேஜைப் பக்கம் வந்தார்.

"எத்தனை நிமிஷத்துல நிக்குதுப்பா?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது சார்."

"மேலன்னா? கடிகாரம் வச்சுப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கு ஸ்டாப் வாட்ச் வைத்தேன். 76 நிமிஷம் 20 விநாடி. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் 76 நிமிஷம் 20 விநாடி. மறுநாள் சார் சொன்னபடி டேபிள் ஃபேனைப் போர்டுக்கு நேராக வைத்து ஓட்டினேன். அப்போதும் அதே 76 நிமிஷம் 20 விநாடி.

சார் சிரித்தார். "சூடுன்னா ஃபேன் போட்டதும் நேரம் மாறணும்ல? விநாடி பிசகாம நிக்குதுன்னா அது சூடு இல்ல. எதையோ எண்ணிக்கிட்டு இருக்கு. எதை எண்ணுதுன்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நண்பர்களே, இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஹார்டுவேர் தகராறு பெரும்பாலும் நாளுக்கு ஒரு மாதிரி நேரம் காட்டும். ஒவ்வொரு முறையும் விநாடி சுத்தமாக ஒரே நேரத்தில் வரும் தகராறு என்றால் முதலில் ப்ரோகிராமைப் பாருங்கள்.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். 76 நிமிஷம் 20 விநாடி என்றால் 4580 விநாடி. விநாடிக்கு 4 பைட் வீதம் 18,320 பைட். எங்கள் டேட்டா முடிந்து லாக் ஆரம்பிக்கும் இடம் ரேமில் 2048-ஆவது பைட். இரண்டையும் கூட்டினால் 20,368. மொத்த ரேம் 20,480. வித்தியாசம் வெறும் 112 பைட்!

கை நடுங்கிவிட்டது. 1024 பைட்டில் திரும்ப வேண்டிய ரீடிங், திரும்பாமல் ரேம் முழுக்க நடந்து, உச்சியில் இருக்கும் ஸ்டேக்கில் போய் முட்டியிருக்கிறது. அந்த 112 பைட் எங்கள் ப்ரோகிராமின் ஸ்டேக். ஒரு ஃபங்ஷன் முடிந்து திரும்பிப் போகவேண்டிய முகவரி அங்கேதான் இருக்கும். அதன்மேல் தண்ணீர் மட்டம் ஏறி உட்கார்ந்துகொண்டது. ப்ராஸஸர் தண்ணீர் மட்டத்தை முகவரி என்று நம்பித் திரும்பப் போனது. போன இடத்தில் ஓடத்தக்க ப்ரோகிராம் இல்லை. ஹார்ட் ஃபால்ட்! அதற்கென்று வைத்திருந்த ஃபங்ஷன் வெறும் முடிவில்லாத லூப். டிஸ்ப்ளே நின்றது. மோட்டார் ரிலே கடைசியாக இருந்த நிலையிலேயே நின்றது. பக்கெட் வழிந்தது.

சரி, 1024-இல் ஏன் திரும்பவில்லை?

தப்பு எங்கே?

சி ப்ரோகிராமில் நான் எழுதியது இது.

எக்ஸ்டர்ன் அன்சைன்ட் இன்ட் லாக்_சைஸ்;
இஃப் (போஸ் >= லாக்_சைஸ்) போஸ் = 0;

பார்க்க எவ்வளவு யோக்கியமாக இருக்கிறது! ஸ்கிரிப்டில் லாக்_சைஸ் 1024 என்று கொடுத்தாயிற்று, இங்கே அதை எக்ஸ்டர்ன் என்று வாங்கியாயிற்று. கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்கவில்லை. சந்தேகம் வந்து லாக்_சைஸை சீரியல் போர்ட்டில் பிரிண்ட் செய்து பார்த்தேன். 1024 வரவில்லை. கோடிக்கணக்கில் ஏதோ ஓர் எண் வந்தது. இன்னும் ஒரு பிரிண்ட் வரி சேர்த்துக் கம்பைல் செய்தால் வேறு எண் வந்தது! பேய் பிடித்த மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். சி-யில் "இன்ட் எக்ஸ் = 1024;" என்று எழுதினால் இரண்டு காரியம் நடக்கும். மெமரியில் 4 பைட் இடம் ஒதுங்கி அதற்குள் 1024 எழுதப்படும். சிம்பல் டேபிளில் எக்ஸ் என்ற பெயருக்கு நேரே அந்த இடத்தின் முகவரி எழுதப்படும். லிங்கர் ஸ்கிரிப்டில் "எக்ஸ் = 1024;" என்று எழுதினால் நடப்பது ஒரே காரியம். சிம்பல் டேபிளில் எக்ஸ் என்ற பெயருக்கு நேரே 1024 என்று எழுதப்படும். மெமரியில் ஒரு பைட்கூட ஒதுங்காது. அதாவது எக்ஸின் முகவரியே 1024. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், அங்கே யார் குடியிருக்கிறாரோ அவர்தான்.

கல் என்றேன் அல்லவா? எல்லைக் கல் இடத்தைத்தான் காட்டும். கல்லுக்குள் நெல் இருக்காது. நான் கல்லை உடைத்து நெல் தேடியிருக்கிறேன்.

எங்கள் சிப்பில் 1024-ஆம் முகவரியில் குடியிருப்பது யார்? ஃப்ளாஷிலிருந்து பூட் ஆகும்போது அந்த ஃப்ளாஷ் மெமரியே 0 என்ற முகவரியிலும் தெரியும்படி சிப்பை அமைத்திருக்கிறார்கள். ஆகவே 1024-இல் இருந்தது என் ப்ரோகிராமின் ஆணைகளே! அவற்றை ஒரு எண்ணாகப் படித்தால் கோடிக்கணக்கில்தானே வரும்? ஒரு வரி சேர்த்ததும் ஆணைகள் நகர்ந்தன, எண்ணும் மாறியது. அந்த இடத்தில் மெமரியே இல்லாமல் இருந்திருந்தால் முதல் விநாடியிலேயே நின்றிருக்கும், அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன். படிக்க ஏதோ ஒன்று இருந்ததால்தான் மூன்று வாரம் ஆனது.

நமக்குத் தெரிந்த 8051-லேயே இது இருக்கிறது

இது புதுசு இல்லை நண்பர்களே. நான்காம் செமஸ்டரில் படித்ததுதான்.

மூவ் ஏ, #30எச்
மூவ் ஏ, 30எச்

முதல் வரி 30எச் என்ற எண்ணையே ஏ-யில் போடும். இரண்டாவது வரி 30எச் என்ற முகவரியில் இருப்பதை எடுத்து ஏ-யில் போடும். நடுவில் ஒரு # குறிதான் வித்தியாசம். வைவாவில் எல்லோரும் டாண் டாண் என்று பதில் சொன்னோம். லிங்கர் ஸ்கிரிப்டில் மதிப்பு கொடுப்பதும் 8051-இன் ஈக்யூ மாதிரிதான். பெயருக்கு எண் கிடைக்கும், மெமரி கிடைக்காது. சி-யில் அந்த எண்ணை எடுக்க வேண்டுமானால் # வேலையைச் செய்வது & குறி.

இஃப் (போஸ் >= (அன்சைன்ட் இன்ட்)&லாக்_சைஸ்) போஸ் = 0;

இவ்வளவுதான் திருத்தம். ஒரே ஒரு & குறியும், முகவரியை எண்ணாக மாற்ற ஒரு காஸ்ட்டும்.

வேடிக்கை என்னவென்றால், அதே ப்ரோகிராமில் லாக்_ஸ்டார்ட் வந்த இடத்தில் எல்லாம் & சரியாகப் போட்டிருந்தேன். ஏனென்றால் அது பார்த்தாலே முகவரி. லாக்_சைஸ் பார்த்தால் அளவு. அளவுக்கு எதற்கு & என்று விட்டுவிட்டேன். லிங்கர் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. அதற்குப் பெயருக்கு நேரே ஓர் எண் மட்டுமே தெரியும். அது இன்ட்டா, ஃபங்ஷனா, அளவா என்ற விவரம் கிடையாது. சி அந்த எண்ணை எப்போதும் முகவரியாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்டுக்குள் ". + லாக்_சைஸ்" என்று எழுதியது சரியாக வேலை செய்ததற்கும், சி-யில் தப்பாகப் போனதற்கும் காரணம் இதுதான்.

இதைவிடப் பாதுகாப்பான வழியும் உண்டு. சி-யில் அர்ரேயாக அறிவியுங்கள்.

எக்ஸ்டர்ன் சார் லாக்_சைஸ்[];

(இந்த சார் வேற, லேப் சார் வேற!) அர்ரேயின் பெயரை எழுதினாலே முகவரிதான் வரும். & போட மறந்தாலும் மோசம் போகாது.

இன்னும் சில கவனிக்க வேண்டியவை

1. மதிப்பு கொடுக்கும் ஒவ்வொரு வரி முடிவிலும் அரைப்புள்ளி கட்டாயம்.

2. கழித்தல் குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடுங்கள். க்னூ லிங்கரில் பெயருக்குள் சிறு கோடு வரலாம். ஏ-பி என்று ஒட்டி எழுதினால் அது ஒரே பெயர். ஏ - பி என்று விட்டு எழுதினால்தான் கழித்தல்.

3. ஒரு செக்‌ஷனின் அடைப்புக்குள் வரும் புள்ளி, அந்தச் செக்‌ஷனின் ஆரம்பத்திலிருந்து எண்ணும். உள்ளே ". = 100;" என்றால் மெமரியின் 100-ஆம் முகவரி அல்ல, செக்‌ஷன் ஆரம்பத்திலிருந்து 100 பைட். உள்ளே புள்ளியைப் பின்னால் இழுக்கவும் முடியாது, லிங்கர் பிழை என்று சொல்லிவிடும்.

4. ஆரம்பக் கல்லையும் முடிவுக் கல்லையும் அடைப்புக்குள்ளேயே நடுங்கள். வெளியே நட்டால், செக்‌ஷன் 4 அல்லது 8-இன் மடங்கான முகவரிக்குத் தள்ளி உட்காரும்போது கல் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். நடுவில் சில பைட் இடைவெளி விழும். ஸ்டார்ட்-அப் ப்ரோகிராம் இந்தக் கற்களை நம்பித்தான் ஃப்ளாஷில் இருக்கும் ஆரம்ப மதிப்புகளை ரேமுக்குக் காப்பி செய்கிறது. கல் தவறினால் உங்கள் குளோபல் வேரியபிள் எல்லாம் கோணலாகும்.

5. ஒரு பெயரை ப்ரோகிராமும் வைக்கலாம், நாமும் வைக்கலாம் என்ற நிலை வந்தால் ப்ரொவைட்( ) என்ற சொல்லுக்குள் எழுதுங்கள். ப்ரோகிராம் அந்தப் பெயரைக் கேட்டு, யாருமே அதை வைக்கவில்லை என்றால் மட்டும் லிங்கர் நம்முடையதைக் கொடுக்கும்.

6. முக்கியமானது. லிங்க் முடிந்ததும் என்எம் என்ற கருவியை ஓட்டி, வரும் பட்டியலைப் பாருங்கள். எங்கள் பட்டியலில் லாக்_சைஸுக்கு நேரே 00000400 என்றும், பக்கத்தில் ஏ என்ற எழுத்தும் இருந்தது. ஹெக்ஸ் 400 என்றால் 1024. ஏ என்றால் எந்தச் செக்‌ஷனையும் சேராத தனி எண் என்று அர்த்தம். அதாவது "இது வெறும் எண், உள்ளே எதுவும் தேடாதே" என்று அந்தக் கருவி முதல் நாளே சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் கேட்கவில்லை. ஒரு நிமிஷ வேலை.

கடைசியாக

திருத்திய அன்று இரவு முழுக்க ஓட விட்டோம். காலையில் வந்து பார்த்தால் ஓடிக்கொண்டே இருந்தது. லேப் தரை காய்ந்திருந்தது.

மெஸ்ஸில் ரூம்மேட் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மச்சான், தப்பு உன் சால்டரிங்ல இல்லடா. என் ப்ரோகிராம்ல ஒரு குறி விட்டுப்போச்சு" என்றேன். சாப்பிட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "எல்லார் முன்னாலயும் என்னைச் சொன்னியே, இதை மட்டும் மெஸ்ல மெதுவா வந்து சொல்றியா?" என்றான். நியாயம்தானே?

ப்ராஜெக்ட் ரெக்கார்டில் "நேர்ந்த தவறுகள்" என்று ஒரு பக்கம் சேர்த்து, 76 நிமிஷக் கணக்கோடு என் பிழையை என் கையால் எழுதினேன். வைவாவில் எக்ஸ்டர்னல் அந்தப் பக்கத்தில்தான் அதிக நேரம் நிறுத்திக் கேள்வி கேட்டார். பதிலை எல்லார் முன்னாலும் சத்தமாகவே சொன்னேன். இப்போது மலரிலும் எழுதிவிட்டேன். போர்டு வாங்கிய காசில் பாதி இன்னும் அவனுக்குத் தர வேண்டியிருக்கிறது. அதையும் சீக்கிரம் தந்துவிடுவேன்.

நண்பர்களே, லிங்கர் ஸ்கிரிப்டில் ஒரு பெயருக்கு மதிப்பு கொடுக்கும்போது "இது உள்ளே இருப்பதா, இருக்கும் இடமா?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவன் மேல் பழி போடுவதற்கு முன்னால் கடிகாரத்தை ஒரு முறை பாருங்கள்.